கண்ணப்பர் பெயரால் மான்வேட்டையோ?

பாண்டி நாட்டின் மேலெல்லையாய் நீண்டு கிடக்கும் மலைத்தொடரின் அடியில், அருகருகே அமைந்த ஊர்கள் இரண்டு: இராசபாளையம் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மற்றொன்று. முன்னையது வேட்டைநாயாற் பெயர் பெற்றது. வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய அந்நாயின் உருவத்தை இந்திய அஞ்சற்றுறையார் 2005-ஆம் ஆண்டில் அஞ்சற்றலையிற் பொறித்து வெளியிட்டனர். பின்னையது வேட்டுவன் பெயராலேயே வழங்குவது. வில்லி, கண்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் வேட்டைக்குச் சென்றனரென்றும், கண்டன் புலிவாய்ப்பட்டு இறந்தனனென்றும், அத்துயரால் மரத்தடியில் துயின்ற வில்லி கனவிற் கிடைத்த திருவாணைப்படி காடு திருத்தி ஊரும் கோயிலும் கண்டனனென்றும் அவ்வூர்த் தலவரலாறு கூறும். இத்தகைய ஊர்களிற் பிறந்தார்க்கு வில்லையும் வேட்டையையும் குறித்துப் பெருமிதம் உண்டாதல் இயல்பே. அப்பெருமிதம் இக்காலத்துப் புதியதோர் ஆசைக்கு ஏணியாய் அமைவதும், அவ்வேணியின் உச்சியிற் கண்ணப்ப நாயனாரது திருப்பெயரைக் கட்டுவதும் சைவர் வாளாவிருந்து காணத்தக்கன அல்ல.

அவ்வாசை யாதெனிற் கூறுதும். இராசபாளையத்திற் பிறந்து, பொறியியல் கற்று, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு மாநிலத்திற் பணிபுரியும் இளைஞன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்க. அவனுக்கு ஊனுக்குக் குறைவில்லை, பொருளுக்குங் குறைவில்லை. ஆயினும், தான் வாழும் மாநிலத்தைக் கடந்து வேறொரு மாநிலத்திற்குச் சென்று, கப்பியும் இரும்புச் சக்கரமும் இல்லாத பழைய மரவில்லால் ஒரு மானையேனும் எய்து வீழ்த்தல் வேண்டுமென்று விழைகின்றான். அயல் மாநிலத்தார்க்குரிய மிகுகட்டணஞ் செலுத்தி உரிமைச்சீட்டுப் பெறுகின்றான். பல மாநிலங்களின் சட்டம் வில்லின் இழுவிசை 35 அல்லது 40 இராத்தலுக்குக் குறையலாகாதென விதித்திருத்தலின், அதற்கேற்ற வில்லைத் தேர்கின்றான். நிலப்படம் விரித்து மான் நீருண்ணும் துறையையும் நடந்துசெல்லும் வழியையும் குறிக்கின்றான்; மரத்திற் கட்டும் பரணை விலைக்கு வாங்குகின்றான்; அம்பின் இலைமுனையைத் தீட்டுகின்றான். இவ்வளவும் மானைக் காணுதற்குப் பல திங்கள் முன்னரே நிகழ்வன. 'இஃது என்னை?' என்று வினவுவார்க்கு அவன் கூறும் விடையே ஈண்டு மறுக்கப்படுவது.

அவ்விடை ஐந்து கூறாக நிற்கும். வில்லி பிறந்த மண்ணினர்க்கு வேட்டை குலமரபு என்பது ஒன்று. கண்ணப்பர் வேட்டையாடி ஊன் படைத்தே முத்தி பெற்றாராகலின் சைவத்திற்கு வேட்டை மாறன்று என்பது இரண்டு. சிவபெருமானே வேட்டுவக் கோலங் கொண்டான் என்பது மூன்று. சிவனடியார் செய்யும் பாவமும் அறமாமென்று சித்தாந்த நூலே கூறிற்று என்பது நான்கு. சட்டம் இசைவு தரும் நாட்டில், மிகுந்து பெருகிய மானைக் கொல்லுதல் குற்றமாகாது. கடையில் ஊன் வாங்கி உண்பானினும் வேட்டையாடி உண்பான் நேர்மையுடையான் என்பது ஐந்து. இவற்றை முறையே ஆராய்வாம்.

முதலாவது, குலமரபு. வில்லியின் பெயர் இன்றளவும் நிலைத்தது அவன் எய்த மானாலன்று. அவன் எடுத்த ஊரால். அவன் வரலாற்றில் வேட்டை, உடன்பிறந்தானை இழந்த துயரமாகவே முடிந்தது. அத்துயரின் பின்னரே கோயில் எழுந்தது. வைணவ நண்பர் போற்றும் அவ்வரலாற்றை உள்ளவாறு படிப்பார்க்கு, வில்லை விட்டுக் கட்டுமானத்தை மேற்கொண்ட ஒருவனது மாற்றமே அதன் உயிராகத் தோன்றும். மாற்றத்திற்கு முன்னைய பாதியை மட்டும் அறுத்தெடுத்து மரபென்று கூறுதல் முறையன்று. இராசபாளையத்து நாயோ, முற்காலத்துக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டதாயினும், இன்று தோட்டத்தையும் வீட்டையும் காத்துக் கிடக்கின்றது. நாய் விட்ட தொழிலை மனிதன் தேடிச் செல்லுதல் வியப்பே.

அன்றியும், அம்மலைக்காட்டில் வேட்டை என்னும் பேச்சுக்கே இன்று இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், உரிமைச்சீட்டு வழங்கி வேட்டையாட விடும் வழக்கத்தை ஒழித்த 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தியா முழுதுக்கும் உரியன. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி நரை அணிலின் பொருட்டு 1988-இற் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையொடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. மலைமுகட்டைக் கடந்து கேரளத்தின் பெரியாற்றுக் காட்டினுட் புகினும் சட்டம் அதுவே. மாநிலம் மாறினும் ஆணை மாறாது. சரணாலயத்தினுள் வேட்டையாடினார்க்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுவரை சிறை விதிக்கப்படும். அச்சட்டம் வேட்டையென்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, கொல்லுதலை மட்டும் கூறி அமைந்ததில்லை. கண்ணி வைத்தலும், துரத்துதலும், இரைகாட்டி ஈர்த்தலும், அவற்றுக்கு முயலுதலும் வேட்டையே என்றது. முயற்சியையுங் குற்றமென்ற இவ்விதி சைவநூற் கருத்தோடு எவ்வளவு பொருந்துகின்றதென்பது பின்னர் விளங்கும்.

இரண்டாவது, கண்ணப்பர். இதுவே தலையாய கூற்று. ஏனையவற்றை விடுத்தாலும் இதனை விடுத்தல் கூடாது. அடியார் திருப்பெயர் ஒருவனது பொழுதுபோக்குக்குப் போர்வையாகின்றமையின்.

சேக்கிழார் பெருமான் திண்ணனாரது வேட்டையைக் 'கன்னிவேட்டை' என்றே வழங்குகின்றார். முதன்முறை வில்லேந்தி, தன்னூர் எல்லை கடந்து செல்லும் இளைஞனுக்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு வேறில்லையென்பது உண்மையே. ஆகலின் அவ்வரலாற்றை முழுதும் நோக்குக. அவ்வேட்டை எழுந்த காரணம் யாது? உடுப்பூர்த் தலைவனாகிய நாகன் மூப்பினால் வேட்டையொழிந்திருந்தமையால் விலங்குகள் மிக்குப் புனங்களை அழித்தன. வேடர் வந்து முறையிட்டனர். முறை கேட்ட நாகன் தன் உரிமையை மகனுக்கு அளித்தான். குடிகளது விளைவைக் காத்தற்பொருட்டு எழுந்தது அவ்வேட்டை. பொழுது போகாமையால் எழுந்ததன்று. அவ்வேட்டை நிகழ்ந்த முறை யாது? யானைக்கன்றைத் தொடராமலும், குட்டிகளைக் கொல்லாமலும், சூல்கொண்டு தளர்ந்து நடப்பனவற்றை வருத்தாமலும் வேடர் வேட்டையாடினர் என்று ஆசிரியர் எடுத்தோதுகின்றார். எழுத்தறியா மலைவேடர்க்கும் இவ்வரம்பு இருந்தது.

இனி, மேலைநாட்டு வில்வேட்டையின் பருவத்தைக் கருதுக. அந்நாட்டு வெண்வால் மான்கள் பிணைநாடி அலையும் காலம் ஐப்பசி கார்த்திகையை ஒட்டியது. கலைமான் தன் இயல்பான அச்சத்தை மறந்து பிணையின் பின்னே திரியும் அந்நாள்களே வேட்டைக்காரர் பெரிதும் விரும்பும் நாள்கள். சைவர் இல்லந்தோறும் கார்த்திகைச் சோமவாரம் நோற்கும் காலத்தை அணைத்து, காமத்தால் மதியிழந்த விலங்கைப் பரண்மேல் மறைந்திருந்து எய்வதற்குக் கண்ணப்பர் பெயரா? புணர்ச்சியிலிருந்த மானை எய்த பாண்டு மன்னன் அடைந்த சாபத்தை மகாபாரதம் படித்தார் மறந்திரார். மன்னர்க்கு மான்வேட்டை உரியதென்று பாண்டுவும் வாதித்தான். உரிமையைக் குறித்துத் தான் சினந்திலேன், எய்த பொழுதைக் குறித்தே சினந்தேன் என்னுங் கருத்துப்பட முனிவன் விடை கூறினான். உரிமைச்சீட்டைக் காட்டி வாதிப்பார்க்கு அவ்விடையே அமையும்.

மேலும் நோக்குக. திண்ணனார் கன்னிவேட்டையின் குறிக்கோள் நிறைவேறியதோ? வலையறுத்து ஓடிய பன்றியைத் தொடர்ந்து சென்றார். நாணனும் காடனுமே உடன்சென்றனர். அப்பன்றியை வில்லாலன்றி உடைவாளால் துணித்தார். ஊனைக் காய்ச்சி உண்பதற்குத் தீக்கடையுமாறு காடனை ஏவிவிட்டுப் பொன்முகலியாற்றைக் கடந்து காளத்திமலை ஏறினார். குடுமித்தேவரைக் கண்டார். அக்கணத்தே வேட்டை முடிந்தது, பசி முடிந்தது, ஊர்த் தலைமை முடிந்தது, தந்தையுந் தாயும் என்னுந் தொடர்பும் முடிந்தது. தேவராட்டியொடு வந்து நாகன் அழைத்தும் அவர் மீண்டிலர். வேட்டைக்கென்று புறப்பட்டவர் வேட்டையை மறந்து நின்றதே அவ்வரலாறு. இவ்விளைஞனோ மறவாதிருத்தற்கென்றே பல திங்கள் திட்டமிடுகின்றான். வீழ்ந்த மானொடு நிழற்படமெடுத்துக்கொள்ளவும் கருதுகின்றான். இருவர்க்கும் வில்லொன்றே பொது.

'அற்றேல், காளத்தியிலிருந்த நாள்களில் அவர் நாடோறும் மானும் மரையும் பன்றியும் எய்து வந்தாரன்றோ?' எனின், வந்தார், மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் அவ்வூனில் ஒரு துண்டையேனும் தாம் உண்டாரோ? சுவை நோக்குதற்கு நாவிலிட்டார். நல்லன தேர்ந்து இறைவனுக்கே வைத்தார். தாம் உண்ணாமலும் உறங்காமலும் நின்றார். இரவெல்லாம் வில்லேந்தி நின்றது கொல்லுதற்கன்று, தனித்திருக்கும் தேவர்க்குக் காவலாதற்கு. இறைவன் பசித்திருப்பானென்று நம்பிய ஒருவர், தாம் அறிந்த ஒரே உணவைக் கொணர்ந்தார். நீர் சொரிந்து மலரிட்டு வழிபடும் முறையைப் பிறர் செய்யக் கண்டதாக நாணன் கூறிய அளவே அவர் அறிந்த ஆகமம். அவ்வறியாமை அன்பினுள் மூழ்கியமையால் குற்றமெனக் கொள்ளப்பட்டிலது. இவ்விளைஞனோ பெரியபுராணம் அறிவான், கொல்லாமை அறிவான், இறைவன் ஊன் வேண்டானென்பதும் அறிவான். அறியாமையால் மன்னிக்கப்பட்டாரது செயலை அறிந்தான் ஒருவன் தனக்குச் சான்றாகக் கொள்ளுதல், குழந்தை தாய்மார்பில் உதைத்ததை எடுத்துக்காட்டி வளர்ந்த மகன் தாயை உதைத்தல் போல்வதாம்.

எல்லாவற்றினும் மேலாகக் கருதவேண்டுவது ஒன்றுண்டு. ஆறாம் நாள், குடுமித்தேவர் திருக்கண்ணிற் குருதி பெருகிற்று. திண்ணனார் வில்லெடுத்து நாற்றிசையும் ஓடி, இத்தீங்கு செய்த விலங்கோ வேடனோ உண்டோவென்று தேடினார், எவரையுங் கண்டிலர். பின்னர் மூலிகை பிழிந்தார்; குருதி நின்றிலது. அதன்மேல் அம்பினை எடுத்துத் தம் கண்ணை இடந்து அப்பினார். வேட்டுவக் குலத்தில் வந்து, விற்கல்வி பயின்று, கன்னிவேட்டைக்குப் புறப்பட்ட அவ்வீரரது கணையின் முடிந்த முடிவு அதுவே. நக்கீரதேவரும் கல்லாடதேவரும் தனித்தனியே அவர்மேல் 'திருமறம்' பாடினர். இருநூலும் பதினோராந் திருமுறையிற் சேர்ந்தன. மறமென்று அவர் கொண்டது பிறவுயிரை வீழ்த்திய திறத்தையன்று, தன்னைத் தருதற்கு நடுங்காத திறத்தை. கண்ணப்பர் வழியென்று கூறுவான், அவ்வழி எங்குச் சென்று நிற்கின்றதென்று பார்த்துக் கூறுக. அம்பின் முனை தன்னை நோக்கித் திரும்புமளவும் ஒருவனுக்கு அவர் வில்லின்மேல் உரிமையில்லை.

பெரியபுராணம் வேட்டைக்குச் சான்றென்பார், அந்நூலின் வாயிலில் நிற்கும் மற்றொரு வரலாற்றையும் கடந்தே உட்புகவேண்டும். திருவாரூர்த் தெருவில் ஓர் ஆன்கன்று தானே வந்து அரசிளங்குமரனது தேர்க்காலிற் புகுந்து மாண்டது. அஃது அறிந்து செய்த கொலையன்று. திட்டமிட்ட கொலையும் அன்று. ஆயினும் மனுநீதிச் சோழன் தாய்ப்பசுவின் துயரைத் தன் துயராக்கித் தன் ஒரு மகன்மேல் தேரை ஊர்ந்தான். அறியாது நேர்ந்த ஓருயிரின் அழிவுக்கு இவ்வளவு விலை கூறித் தொடங்கும் நூல், அறிந்து தேடிச் செய்யும் அழிவுக்கு இசைவுச்சீட்டு வழங்குமோ?

மூன்றாவது, இறைவன் கொண்ட வேட்டுவக் கோலம். அருச்சுனன் தவஞ்செய்தபோது பெருமான் வேடனாய் வந்து பன்றியை எய்தனன் என்பது உண்மை. அப்பன்றி தவத்தோனைக் கொல்ல வந்த மூகாசுரன். தவத்தோனைக் காத்து, அவனுக்குப் பாசுபதம் அளித்தற்கு ஏற்ற திருவிளையாட்டு அது. இறைவன் புலித்தோல் உடுத்தான் எனினும், தாருகாவனத்து முனிவர் அவன்மேல் ஏவிய புலியது அது. அம்முனிவர் அப்புலியொடு மானொன்றையும் ஏவினர். புலியை உரித்த கை மானை உரித்ததா? இல்லை, கொல்ல வந்ததாயினும் அதனைக் கையில் ஏந்திக்கொண்டது. அன்று ஏந்தியதை இன்றுங் கீழே வைத்திலன். கோயில்தோறும் சிவமூர்த்தங்களின் கரத்தில் துள்ளிநிற்கும் மான்மறியைக் கண்டு கும்பிட்டு வெளிவந்து, அவ்வினத்தையே எய்தற்கு வழித்திட்டம் வரைவானை என்னென்பது!

பாண்டி நாட்டார்க்கு இதனினும் அணுக்கமான சான்று மதுரையில் உண்டு. பாண்டியனது வேட்டையிற் பன்றியொன்றும் அதன் பெட்டையும் மாண்டன. பன்னிரண்டு குட்டிகள் பாலின்றிக் கதறின. அப்பொழுது சோமசுந்தரக் கடவுள் யாது செய்தான்? வேட்டையாடிய மன்னன் பக்கம் நின்றிலன். தாய்ப்பன்றியாகி அக்குட்டிகளுக்கு முலை கொடுத்தான். பரஞ்சோதி முனிவரது திருவிளையாடற் புராணம் இதனை ஒரு படலமாகவே வைத்தது. வேட்டை நிகழ்ந்த காட்டில் இறைவன் எப்பக்கம் இருப்பானென்று ஐயுறுவார் அப்படலத்தைப் படித்துத் தெளிக.

நான்காவது, சித்தாந்த நூலின் கூற்று. சிவனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறமாகும். அன்பிலார் செய்யும் புண்ணியமும் பாவமாகும் என்னும் கருத்தை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் வைத்து, தக்கன் வேள்வி தீமையாய் முடிந்ததனையும், தந்தையின் தாளை வெட்டிய சிறுவரது பாதகம் நன்மையாய் முடிந்ததனையும் காட்டினார். இதனை எடுத்துக்கூறி வேட்டையை நாட்டுவார், விதிக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை உணராதார். அன்பின் மிகுதியால் தன்னை மறந்தாரிடத்து நிகழ்ந்ததொன்றைப் பின்னின்று நோக்கி நூல் கூறிய தீர்ப்பு அது. இவ்வாறு செய்க என்று முன்னின்று ஏவிய கட்டளையன்று. சண்டீசர், பூசையில் இருந்தபொழுது நூலைப் புரட்டி, பாதகம் அறமாமோ என்று கணக்கிட்டிலர். கணக்கிட்டிருப்பின் அவர் சண்டீசர் ஆகார். தனக்கு உவப்பானதொன்றைச் செய்ய விழைந்து, அதற்குப் பின்னர் நூலைத் தேடுவானிடத்து மேலோங்கி நிற்பது தன்முனைப்பு. ஆணவத்தின் மறைப்பு நீங்காத அவ்விடத்து இவ்விதி புகாது. அன்பிலார் செய்வது யாதாகுமென்று அச்செய்யுளே கூறிய மறுபாதி அவனுக்கு உரியதாகலாம்.

ஐந்தாவது கூற்றே உலகியலில் வலியுடையது. அதனை இகழ்ந்து தள்ளுதல் நேர்மையன்று. அமெரிக்காவில் ஓநாயும் மலைச்சிங்கமும் பல விடங்களில் அழிக்கப்பட்டமையால் மான்கள் மிகப் பெருகின. இளமரங்களையும் பயிரையும் மேய்ந்து அழிக்கின்றன. அரசினர் வேட்டையால் தொகையைக் குறைக்கின்றனர். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைக்கருவிகளின்மேற் கொள்ளும் வரி வனவுயிர் காத்தற்குச் செல்லுகின்றது. இவை மெய்யே. பயிர்காத்தல் அரசின் கடனென்பதற்கு நாகனது வேட்டையே சான்றென மேலே கூறப்பட்டது. ஆயினும், ஓநாயைக் கொன்றதும் மனிதனே. அதனாற் பெருகிய மானைக் கொல்வதும் மனிதனே. முன்னைய குற்றத்தைப் பின்னைய கொலைக்குக் காரணமாகக் காட்டுதல் பெருமையாகாது. அன்றியும், பயிர்காக்கும் கடன் அவ்வூர்க் காவலர்க்கும் உழவர்க்கும் உரியது. நானூறு ஐந்நூறு கல் கடந்து விருந்தாகச் சென்று, பெருங்கொம்புடைய கலையே கிடைத்தல் வேண்டுமெனக் காத்திருப்பான் எவர் பயிரைக் காத்தான்?

'மரவில்லால் எய்தல் அறமான போட்டி. துப்பாக்கியைப் போல் எளிதன்று' என்பதும் உண்டு. போட்டியென்பது இருவரும் இசைந்து ஆடுவது. மான் எப்போட்டிக்கும் இசைந்திலது. வில்லின் அருமையால் துன்பம் மிகுவது மானுக்கே. அத்தகைய வில்லால் பிழையாது எய்யுந் தொலைவு ஏறக்குறைய 20 கசம். அம்பு பட்ட மான் பெரும்பாலும் அக்கணமே வீழ்வதில்லை. குருதி வடிதலாலேயே இறக்கின்றது. ஆகலின் எய்தவன் உடனே தொடர்தலாகாது. அரைமணி நேரமேனும் இருந்து, பின்னர்ச் சருகின்மேற் சிந்திய குருதியைப் பார்த்துப் பார்த்துச் செல்லுக என்பது அவ்வேட்டையின் பாடம். குறி சிறிது தவறின் அம்மான் பல மணி நேரம் நொந்து, எவர் கண்ணிலும் படாது புதரில் மடியும். அவ்வரைமணி நேரம் பரண்மேல் அமர்ந்திருப்பவன் திருவைந்தெழுத்தை ஓதுவானோ? ஓதின் அஃது யாரை நோக்கி ஓதியதாகும்?

மேலைநாட்டில் இவ்வில்வேட்டை புத்துயிர் பெற்ற வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. கலிபோர்னியாவில் யாகி என்னும் பழங்குடியினர் வெள்ளையர் குடியேற்றத்தால் கொன்றொழிக்கப்பட, எஞ்சிய ஒருவராகிய இசி என்பார் 1911-இல் வெளிப்போந்து 1916-இல் மறைந்தார். அவர்பால் விற்கலை பயின்ற மருத்துவர் சாக்சுடன் போப்பு 1923-இல் வெளியிட்ட நூலே இக்காலத்து வில்வேட்டையினர்க்கு முதனூலெனத் தக்கது. இசி வில்லேந்தியது பசிக்கு. பசியொழிந்தோர் அவர் வில்லை மட்டும் எடுத்துக்கொண்டனர். அங்கு இசிக்கு நேர்ந்ததே இங்குக் கண்ணப்பர்க்கும் நேர்கின்றது: அன்பொழிந்தோர் அவர் வில்லை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர்.

கடையில் ஊன் வாங்குவானினும் வேட்டையாடுவான் நேர்மையன் என்பதோ, இருவர் குற்றத்தை ஒப்பிட்டு ஒருவரை விடுதலை செய்யும் வழக்காகும். தின்பாரில்லையாயின் விற்பாரும் இலராவர் என்று காட்டி, வள்ளுவனார் புலான்மறுத்தல் அதிகாரத்தில் வாங்குவானையும் பொறுப்பாளி ஆக்கினார். அதனாற் கொல்வான் நிரபராதி ஆயினானல்லன். திருமூலர் திருமந்திரமும் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் இருவேறு பகுதிகளாகக் கூறியதன் பயன், இரண்டும் தனித்தனி விலக்கத்தக்கன என்பதேயாம்.

இனி, சித்தாந்தத்தின் உள்ளீட்டை நோக்குவோம். ஆன்மாக்கள் எண்ணில, அவை வினைக்கீடாக எடுத்த உடம்புகளே மானும் மனிதனும். மானுடம்பில் நின்று இன்பதுன்பம் நுகர்ந்து தன் வினையைக் கழிக்கும் ஓருயிரின் பயணத்தை இடையிலே அறுத்தற்குச் சட்டம் கொடுக்கும் சீட்டு போதாது. மேலும், ஆகாமியம் ஏறுவது அம்பு விடும் கணத்திலன்று. மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றாலும் வினை ஈட்டப்படுமென்று நூல்கள் முழங்குகின்றன. வில்லைத் தேர்ந்தபோது மனத்தால் ஒன்று. நண்பரொடு பேசி மகிழ்ந்தபோது வாக்கால் ஒன்று. பரண் கட்டியபோது காயத்தால் ஒன்று. மான் வாராமலே அவன் வெறுங்கையொடு திரும்பினும், பல திங்கள் திட்டமிட்ட வினை அவனொடு திரும்பும். முயற்சியும் வேட்டையே என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்ததனை மெய்கண்டார் மரபினர் என்றோ அறிந்துள்ளனர்.

இவ்வளவுங் கூறியது ஊனுண்ணாச் சைவர் மகிழ்ந்து தலைநிமிர்தற்பொருட்டென்று கருதற்க. கண்ணப்பர் வரலாற்றில் இடித்துரைக்கப்பட்டவர் எவர்? வேடரல்லர், ஊனைக் கண்டு அருவருத்துத் திருமுன்றிலை அலகிட்ட சிவகோசரியாரே, கனவிலும் மறைவிலும் இறைவனாற் பாடங் கற்பிக்கப்பட்டார். மரக்கறியுண்டலையே சைவமென்று சொல்லி, பிறரைக் குலத்தாலும் உணவாலும் இகழ்வார், வேட்டைக்காரன் மானுக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்கின்றனர். அம்மலைகளில் தேனும் கிழங்கும் தேடி வாழும் பளியர்முன் நின்று, 'யானே சைவன்' என்று கூறுதற்குக் கூசாதார் கண்ணப்பர் திருவடிக்குத் தூரத்தர். கொல்லாமை அன்பிலிருந்து பிறந்தாலன்றி அது செருக்கின் மற்றொரு வில்லாம்.

இராசபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தாரும், அங்கிருந்து கடல்கடந்து வாழ்வாரும் செயற்பாலது யாது? வில்லைப் பழகுக; இலக்கெழுதிய பலகையில் எய்க; அதனாற் கையுறுதியும் கண்ணுறுதியும் மனவொருமையும் உண்டாம். ஊருக்கு வருங்கால் மடவார்வளாகத்து வைத்தியநாதப் பெருமானைத் தொழுக. தாணிப்பாறை வழியே சதுரகிரி ஏறிச் சுந்தரமகாலிங்கத்தைக் கண்டு வணங்குக. அம்மலை இன்று புலிகள் காப்பகத்தினுள் இருப்பது. வழியிற் புள்ளிமானோ மிளாவோ எதிர்ப்படலாம். எதிர்ப்படின், ஓசைசெய்யாது நின்று, அது நீருண்டு போமளவும் காத்திருக்க. பரண்மேலிருந்து கற்க விரும்பிய பொறுமை அங்கே குருதியின்றிக் கைகூடும். பெருமான் கையில் நிற்பதும் அவ்வினமே என்னும் நினைவு அப்பொழுது எழுமாயின், அதுவே அவ்விளைஞனுக்குக் கன்னிவேட்டை. வீழ்ந்தது அவனது ஆசை.

கண்ணப்பர் பெயரைச் சொல்ல விழைவார் எவர்க்கும் தடையில்லை. சொல்லுமுன் வில்லைக் கீழே வைக்க.

திருச்சிற்றம்பலம்.